இடது கைக்கான கத்தி

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். பொத்தான் ஓட்டை கோணலாகப் போனால் கோபம். துணி கொடுத்த மறுநாளே "ஆச்சா?" என்று வந்து நிற்பவரைக் கண்டால் கோபம். என் மனைவி ஒருத்திதான் அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். "டைலரே, சத்தம் போட்டு முடிச்சிட்டீங்கன்னா சாப்பிட வாங்க" என்பாள். பதினாறு வருடமாக வீட்டில் எனக்கு அந்தப் பெயர்தான்.

ஆனால் இப்போது சொல்லப்போவது கோபத்தில் செய்த காரியம் இல்லை. பயத்தில் செய்தது. கோபத்தில் செய்திருந்தால்கூட இந்த அளவுக்கு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

அவளுக்குக் காட்டில் வேலை. ஊருக்கு மேலே நீர்த்தேக்கம் இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள சரிவில், தரையில் முட்டையிடும் ஒரு வகைப் பறவை இருக்கிறது. அந்த முட்டைகளை எலிகள் தின்று தீர்த்துவிடாமல் இருக்க, வனத்துறை அங்கே முப்பத்திரண்டு பொறிகளை மரப்பெட்டிகளில் வைத்து, வரிசையாக நம்பர் போட்டிருக்கிறது. அந்தப் பாதைக்குப் பொறித்தடம் என்று பெயர். தினமும் காலையில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, மாட்டியதை அப்புறப்படுத்தி, புது இரை வைத்து நடக்க வேண்டும். எலி பாதி வேலைதான். மீதி வேலை புதர். மழைக்காலத்தில் பத்து நாள் விட்டால் போதும், பாதையும் தெரியாது, பெட்டியும் தெரியாது. அதனால் ஒரு கையில் எலிக்கு இரை வைத்த பை, மறு கையில் வெட்டுக்கத்தி. வெட்டிக்கொண்டே போய் வெட்டிக்கொண்டே வருவாள். நான் அவளை எலிராணி என்று கிண்டல் செய்வேன். "ராணிக்கு ஒரு பாவாடை தைக்க டைலருக்கு நேரமில்லை" என்று திருப்பிக் கொடுப்பாள்.

மூன்று மாதத்துக்கு முன், ஈரத்தில் கத்தியின் பிடி அவள் கையில் வழுக்கியது. வலது மணிக்கட்டின் உள்பக்கம் வெட்டு. துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, இருபத்தாறாவது பெட்டியிலிருந்து தனியாக இறங்கி நடந்தே வந்திருக்கிறாள். மருத்துவமனைக்குப் போகிற வழியில் என் தையல் கடை. வாசலில் நின்று, "கொஞ்சம் கூட வாங்க" என்றாள். காய் வாங்கக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் முழங்கை வரை சிவப்பாக இருந்தது.

பதினோரு தையல் போட்டார்கள். நானாக இருந்தால் இன்னும் நெருக்கமாகப் போட்டிருப்பேன் என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். காயம் ஆறியது, ஆனால் இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. வலது கையால் தம்ளரைப் பிடிக்கலாம், கத்தியைப் பிடிக்க முடியாது. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே இடது கையால் பல் துலக்க ஆரம்பித்தாள். பிறகு காய் நறுக்கினாள், எழுதினாள், கடைக்கு வந்து எனக்கு நூல் வெட்டிக் கொடுத்தாள். என் கத்தரிக்கோல் அவளுடைய இடது கைக்கு ஒத்துவரவில்லை. துணியை மென்று துப்பியது. அதனால் நானே தேடி அலைந்து, இடது கைக்காரர்களுக்கென்று அலகு மாற்றிச் செய்த கத்தரி ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

போன மாதம் வனத்துறை சூப்பர்வைசரிடமிருந்து தகவல் வந்தது. இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை காலை அவர் வந்து பார்ப்பார். முதல் பெட்டியிலிருந்து ஐந்தாம் பெட்டி வரை அவள் புதரை வெட்டிப் பாதை எடுத்துக் காட்ட வேண்டும். முடிந்தால் தடம் அவளுக்கே. முடியாவிட்டால் அது வேறொருவருக்குப் போகும், அவளுக்கு அலுவலகத்தில் சாமான் அறைப் பொறுப்பு. சாமான் அறைக்குக் கூரை உண்டு, விசிறி உண்டு, உட்கார நாற்காலி உண்டு. அங்கே யாருக்கும் மணிக்கட்டு அறுபடாது. கடவுளே, அவளுக்கு அது கிடைக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை அவள் சொன்னாள்: "பழைய கத்திக்குப் பிடி விட்டுப்போச்சு. புதுசா ஒண்ணு நீங்க வாங்கிட்டு வாங்க."

"நீயே போய் எடுக்க வேண்டியதுதானே?"

"நீங்க கத்தரி பார்த்து எடுக்குற ஆளு. உங்க கண்ணுக்குத் தெரியாததா?"

இரும்புக்கடையை நடத்துகிற அக்காவுக்கு எங்கள் இருவரையும் நன்றாகத் தெரியும். கத்தி என்றதும் மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று ரொம்ப நீளம், நுனியில் கனம், உயரமான புல்லுக்கு. இன்னொன்று குட்டை, முதுகு தடிமன், கட்டை பிளக்க. மூன்றாவது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், மெல்லிய தகடு.

"கொடியும் புதருமா இருக்குற இடத்துக்கு இந்த நடு சைஸ்தான் தம்பி. நாள் முழுக்க வீசினாலும் தோள் வலிக்காது. சரி, எந்தக் கைக்கு?"

"கைக்கு என்ன?"

"எங்க கத்தி ஒரு பக்கம்தான் சாணை. வலது கைக்கு வலது பக்கம் சரிவு, இடது கைக்கு இடது பக்கம். மாறிப்போச்சுன்னா மரத்துல இறங்காது, சறுக்கும்."

அந்த நீளக் கத்தியைக் கையில் எடுத்தேன். எனக்கே கனமாக இருந்தது. இதை அவளால் ஐந்து பெட்டி தூரம் வீச முடியாது, இரண்டாவது பெட்டியிலேயே கை தொங்கிவிடும் என்று தோன்றியது. தோன்றியதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

"வலது கை. இது போதும்" என்றேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் கையைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் நான் கேட்டதையே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "பிடிக்கலைன்னா மாத்திக்கலாம் தம்பி. ஞாயித்துக்கிழமையும் கடை இருக்கு."

வீட்டில் அவள் காகிதத்தைப் பிரித்தாள். இடது கையால் தூக்கினாள். விளிம்பைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லாருக்கு" என்றாள்.

"பெரிசா இருக்கட்டும்னுதான் எடுத்தேன். ஒரே வெட்டுல போயிரும்."

"ம்."

சனிக்கிழமை சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்தேன். கொல்லைப்புறத்தில் வேலிமேல் படர்ந்திருந்த காட்டுக்கொடியை அவள் வெட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் பின்கதவில் நின்றேன். நாலு வெட்டு. நாலும் சரியாக இறங்கவில்லை. தோள் ஏறி இறங்கியது. ஐந்தாவதாக, கட்டைவிரல் தடிமனான ஒரு தண்டைக் குறிவைத்து வீசினாள். கத்தி தண்டில் பட்டு, கடிக்காமல், அப்படியே சறுக்கிக் கீழே வந்தது. அவளுடைய செருப்புக்கு நாலு விரல் தள்ளி மண்ணில் இறங்கியது.

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "உனக்கு அறிவிருக்கா? கால் போயிருக்கும். பார்த்து வெட்டத் தெரியாதா?" என்று கத்தினேன். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அவள் படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "பழக்கமில்லை, அவ்வளவுதான்" என்றாள். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. கத்தியின்மேலும் சொல்லவில்லை. தினமும் கத்தியோடு வாழ்ந்தவளுக்குச் சாணை எந்தப் பக்கம் என்று தெரியாதா? வெள்ளிக்கிழமை விளிம்பைத் தடவியபோதே தெரிந்திருக்கும். தெரிந்தும் அதையே எடுத்து வீசியிருக்கிறாள்.

அவள் காட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் காலில் கத்தியை இறக்க நானே ஏற்பாடு செய்துவிட்டேன். கத்தரிக்கோலில் கை பார்த்து வாங்கியவன், கத்தியில் வேண்டுமென்றே கையை மாற்றி வாங்கினேன். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கத்தியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு இரும்புக்கடைக்குப் போனேன். அக்கா அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதை எடுத்துக்குங்க. அந்த நடு சைஸ்ல, இடது கைக்கு ஒண்ணு வேணும். சீக்கிரம் ஆகுமா? நாளைக்குக் காலைல அவளுக்கு வேலை."

அக்கா மேஜைக்கு அடியில் குனிந்தார். பழைய துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் முன் வைத்தார். நடு சைஸ். இடது பக்கம் சரிவு வைத்துப் புதிதாகச் சாணை பிடித்திருந்தது. மரப்பிடியை ஒரு சின்னக் கைக்கு ஏற்றபடி இழைத்திருந்தார்கள்.

"இது யாருக்குச் செஞ்சது?"

"உன் பொண்டாட்டிக்குத்தான். பத்து நாளா இங்கதான் கிடக்குது. ஒரு மத்தியானம் முழுக்க நின்னு, பத்துப் பன்னிரண்டு கத்தியைத் தூக்கிப் பார்த்து, இதை எடுத்தா. பிடியை அவளே பக்கத்துல இருந்து இழைக்கச் சொன்னா."

"அப்புறம் ஏன் வாங்கிட்டுப் போகல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவரு வருவாருக்கா. இது மாதிரி ஒண்ணைக் கேட்டா இதைக் குடுங்க. வேற கேட்டா வேறயே குடுங்க, ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னா." அக்கா என்னை நேராகப் பார்த்தார். "'போகட்டுமான்னு வாயால கேட்டா, போன்னுதான் சொல்வாரு. அவரு மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும். மனுஷன் பயந்துக்கிட்டே வீட்ல உக்காந்திருந்தா என்னால காட்டுல நிம்மதியா நடக்க முடியாது'ன்னு சொன்னா. நீ அன்னைக்கு அந்த நீளத்தைத் தூக்கினதும் எனக்கே பயமாயிருச்சு தம்பி. ஆனா அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

நான் அந்தக் கடையில், ஆணிப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அக்கா வேறு பக்கம் திரும்பி எதையோ அடுக்கினார்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. என் கடையைத் திறந்து, பை தைக்க வைத்திருந்த கெட்டிக் கித்தானில் ஒரு துண்டு வெட்டினேன். கத்திப் பிடியைச் சுற்றி இறுக்கி, கைக்குள் உறுத்தாதபடி மடிப்பை முதுகுப் பக்கம் கொண்டுவந்து, மெழுகு தடவிய நூலால் கையாலேயே தைத்தேன். பதினோரு தையல் இல்லை, எழுபதுக்கு மேல் இருக்கும். முடித்ததும் தண்ணீரில் நனைத்துப் பிடித்துப் பார்த்தேன். வழுக்கவில்லை. இன்னொரு முறை நனைத்துப் பார்த்தேன். இதை அவள் கை வெட்டுப்படுவதற்கு முன்பே செய்திருக்கலாம். அவளுடைய கத்தியின் பிடியை நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

வீட்டில் அவள் கொல்லைப்படியில் உட்கார்ந்து காட்டு பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரை கொண்டுபோகும் பையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அலுவலகச் சட்டை, தொப்பி, பொறிகளின் சாவிக்கொத்து எல்லாம் வரிசையாக இருந்தன.

"என்ன இது?"

"நாளைக்குச் சூப்பர்வைசர் வந்ததும் திருப்பிக் குடுத்துரலாம்னு. சாமான் ரூமுக்கே போறேன். அங்கயும் வேலைதானே." பூட்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "உங்களுக்கும் நிம்மதி."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துணியைப் பிரித்துக் கத்தியை அவள் மடியில் வைத்தேன். அவள் பூட்ஸைக் கீழே வைத்தாள். கத்தியைத் தொடவில்லை. கித்தானைப் பார்த்தாள், தையலை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"அக்கா சொல்லிட்டாங்களா?"

"சொன்னாங்க. நான் கேட்டதுக்கு அப்புறம்தான்."

"நீங்களே கேட்டீங்களா?"

"நடு சைஸ், இடது கைக்குன்னு கேட்டேன்." "முதல்ல வாங்கினது வேணும்னேதான் வாங்கினேன். நீ தோத்துப் போகணும்னு. அன்னைக்கு வாசல்ல நீ நின்ன மாதிரி இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாதுடி. எனக்குப் பயமா இருக்கு. இப்பவும் பயமாத்தான் இருக்கு. நீ போ."

அவள் கத்தியை இடது கையால் எடுத்துக்கொண்டு வேலியருகே போனாள். நேற்றுச் சறுக்கிய அதே தண்டில் ஒரே வீச்சு. தண்டு இரண்டாகி விழுந்தது. திரும்பி வந்து, மடங்காத விரல்களோடு வலது கையை என் தோளில் வைத்துக்கொண்டாள்.

"பயந்துக்கிட்டே இருங்க டைலரே. எங்கிட்ட மறைக்காம பயப்படுங்க. அது போதும்."

திங்கட்கிழமை நானும் போனேன். சூப்பர்வைசர் குடையோடு நின்றார். அவள் முதல் பெட்டியிலிருந்து ஆரம்பித்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது, பிடி நனைந்திருக்கும். மூன்றாவது பெட்டியில் நின்று மூச்சு வாங்கினாள். என் கால் தானாக ஒரு அடி முன்னே போனது, நான் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது பெட்டியின் நம்பர் வெளியே தெரிந்ததும் சூப்பர்வைசர் கையைக் காட்டி, "போதும்மா" என்றார். அவள் நிறுத்தவில்லை. ஆறாவதையும் எடுத்தாள்.

இப்போது தினமும் காலையில் அவள் கிளம்பும்போது, "பயமா இருக்கு" என்கிறேன். "தெரியும்" என்கிறாள். மத்தியானம் அவள் கடை வாசலில் வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்து முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள். அதற்கு முன் பயத்தில் நான் கோணலாகப் போட்ட தையல்களை எல்லாம் பிரித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஒழுங்காகத் தைக்கிறேன்.