இருபத்தொரு நாள் மூத்தவர்

மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை. அவருடைய சகலை சின்ன மாப்பிள்ளை. மணமான ஆண்டைக் கொண்டு ஏற்பட்ட அவ்வரிசை பதினான்கு ஆண்டுகளாக மாறவில்லை. முதல் நாற்காலியும் முதல் பேச்சும் பெரியவருக்கே உரியவை. குடிக்கத் தொடங்கியதிலும் அவர்தாம் முந்திக்கொண்டார்.

குடியை விடுவோர் கூட்டத்தையும் அவரே முதலில் கண்டறிந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பது அவர் தொழில். கை நடுக்கத்தால் ஒரே வாரத்தில் மூன்று வில்லைகளின் விளிம்பு சிதறிப்போயிற்று. ஈரல் பரிசோதனைக்குச் சென்ற மருத்துவமனையில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டியிருந்த தாளில் முகவரி இருந்தது: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடி அறை, ஞாயிறு மாலை ஐந்து மணி. இரண்டு வாரம் வாசல்வரை சென்று திரும்பியவர், மூன்றாம் வாரம் படியேறினார்.

மேலும் மூன்று வாரம் சென்றபின் மனைவி கேட்டாள்: “தங்கச்சி அழுதுட்டே இருக்கா. அவரையும் கூட்டிட்டுப் போங்களேன்.”

“நான் கூப்பிட்டா வராம, வேற யார் கூப்பிட்டா வருவான்?” என்றார் பெரியவர், மிகுந்த பெருமிதத்தோடு.

குடியாமல் கழிந்த நாள்களை ஒவ்வொருவரும் எழுந்து சொல்வது அவ்வறையின் வழக்கம். நாள் கூடியவர் ‘மூத்தவர்’ எனப்படுவார். ஒரு மிடறு குடித்தாலும் மறுநாள் மீண்டும் முதல் நாள்தான். வயதோ உறவோ அங்கே செல்லா. எனினும் பெரியவர் அங்கும் மூத்தவரே. சகலையைவிட இருபத்தொரு நாள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் சின்னவர் இரண்டாம் வாரமே எழுந்து பேசினார். “நான் சரிபண்ணுன லிஃப்ட் எல்லாம் மேல போகுது. நான் மட்டும் கீழயே போயிட்டிருந்தேங்க.” அறை சிரித்தது, பிறகு அமைதியாயிற்று. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பெரியவரும் ஒன்றைத் தயாரித்து வந்தார். “ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டேன், எனக்குத்தான் கண் தெரியலை” என்றார். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது; அவ்வளவே. கூட்டம் முடிந்ததும் தேநீர்க் குவளைகளோடு எல்லாரும் சின்னவரையே சூழ்ந்துகொண்டனர்.

மாமனாரும் தொலைபேசியில் சொன்னார்: “சின்ன மாப்பிள்ளை முகத்துல என்ன ஒரு தெளிச்சல்! நீங்களும் நல்லா இருக்கீங்க.”

அந்த ‘உம்’ பெரியவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அறுபத்து மூன்றாம் நாள், கடையின் ஆண்டுவிழா விருந்தில் ஒரு குவளை பீர் அருந்தினார். யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து, ஞாயிறன்று சின்னவர் எழுந்து, “நாப்பத்து நாலு” என்றார். தாம் எழுந்து ‘இரண்டு’ என்று சொல்வதா? மாமனார் வீடுவரை அந்த எண் போய்ச் சேராதா?

“அறுபத்தஞ்சு” என்றார் பெரியவர். அனைவரும் கைதட்டினர்.

அன்றுமுதல் சின்னவர் எண்ணைச் சொல்ல எழும்போதெல்லாம் இவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ‘ஒரே ஒருமுறை வழுக்கட்டும். அவன் ஒன்று என்று சொன்னால் நானும் சொல்லிவிடுவேன்’ என்று மனம் வேண்டிக்கொள்ளும். சின்னவர் வழுக்கவில்லை.

நூறாம் நாளை எட்டியவர் பயிற்சியாளரின் நாற்காலியில் அமர்ந்து கூட்டத்தை நடத்துவது முறை. பெரியவர் அமர்ந்தார். பின்னால் சுவரில் சாலைக் குறிகள் தொங்கின. சின்னவர் முதலில் எழுந்தார்.

“எனக்கு இன்னைக்கு எழுபத்தொன்பது. குடிக்கணும்னு கை அரிக்கிறப்பெல்லாம் நான் ஒண்ணுதான் நினைப்பேன். இந்த நாளை அண்ணன் இருபத்தொரு நாளைக்கு முன்னாடியே தாண்டிட்டாரு, அவர் கால் வச்ச இடத்துல நாமளும் வச்சாப் போதும்னு.”

எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டான் என்ற பொறாமைதான் பெரியவருக்கு முதலில் எழுந்தது. சொன்னதன் பொருள் அதற்குப் பிறகே உறைத்தது. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார்.

“நூறு இல்லை” என்றார். “முப்பத்தேழு.”

 தபால்காரர் தம் அருகிலிருந்த நாற்காலியைத் தட்டினார்.

“முப்பத்தேழும் சும்மா வந்துடலை. எந்திரிச்சு இப்படி வந்து உக்காருங்க.”

கூட்டம் முடிந்து இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தனர். அங்கே சேர்ந்ததும், “நாப்பத்து ரெண்டு நாள்” என்றார் சின்னவர்.

“எது?”

“நான் உங்களுக்கு மூத்தவன்.”

“இதுக்குத்தானே காத்துட்டிருந்தே?”

“போங்கண்ணே! முன்னாடி ஒரு ஆள் நடக்கிறாருன்னு நம்பிட்டு வந்தேன். இப்பப் பார்த்தா யாருமே இல்லை. பயமா இருக்கு.”

பெரியவர் பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இனி உன்னை எட்டிப் பிடிக்கவே முடியாதுடா. நீ விழுந்தாத்தான் உண்டு. ஒவ்வொரு வாரமும் நீ விழணும்னுதான் நினைச்சேன்.”

சின்னவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இப்பவுமா?”

“இப்பவும் வயிறு எரியத்தான் செய்யுது” என்றார் பெரியவர். பேருந்தின் ஒலி கேட்டது. “ஆனா விழுந்துடாத. அடுத்த வாரம் எண்பத்தாறுன்னு நீ சொல்லணும். அதைக் கேட்டுட்டு, நான் நாப்பத்து நாலுன்னு சொல்லணும்.”