எந்தப் பக்கம் மேலே?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசியவரின் மகன் தங்கதுரை. அப்பாவிடம் அவன் கற்ற பாடம் ஒன்றுதான்: வாங்க வந்தவன் முன்னால் 'தெரியாது' என்றால் சரக்கு அங்கேயே படுத்துவிடும். எந்தத் தோப்புக் காய் என்று கேட்டால், தெரியாவிட்டாலும் வேப்பனப்பள்ளி என்று அடித்துச் சொல். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

ஓசூரில் ஃபைபர் ஷெட் போட்ட பிறகும் அந்த வாய் அவனை விடவில்லை. கார்களின் முதுகில் மாட்டுகிற றெக்கைகளை வார்த்து விற்றான். எல்லாம் அழகுக்கு. அதை மாட்டிக்கொண்டு பக்கத்து மத்திகிரி வரைக்கும் போய்வருகிறவனுக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன?

தொண்ணூற்று நாலில் ஒரு நாள், ரோஜாத் தோட்டக்காரர் வீட்டுக் கன்னடப் பிள்ளை திம்மப்பன் பழைய ஜப்பான் பந்தயக் கார் ஒன்றில் வந்து இறங்கினான். வாங்கும்போதே அதன் றெக்கை உடைந்து டிக்கிக்குள் கிடந்ததாம். அதைத் தாங்கிய கால்கள் நொறுங்கிப்போய், நடுப் பலகை மட்டும் மிச்சம். அதில் ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் தட்டை.

"தங்கண்ணா, இதே மாதிரி புதுசு ஒண்ணு பேக்கு, வேணும். ஷோவுக்கு இல்ல, நெசமாவே வேலை செய்யணும். வேகத்துல திரும்புறப்ப வண்டி ஆடாம புடிக்குமாம்."

"செஞ்சுட்டாப் போச்சு."

"ஆனா எந்தப் பக்கம் மேலண்ணா? எனக்குத் தெரியலை."

தங்கதுரைக்கும் தெரியவில்லை. ஆனால் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஏம்ப்பா, வயித்தை மேல காட்டிக்கிட்டுப் பறக்குற காக்காயைப் பாத்திருக்கியா? உங்க கன்னடத்துலயும் இதுக்கு றெக்கைன்னுதானே பேரு? வளைவுதான் மேல."

"ஹௌது அண்ணா, ரெக்கெதான்!" திம்மப்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் போனதும், விருதுநகரிலிருந்து வந்து ஷெட்டில் வேலை பார்க்கும் சௌந்தரராஜன் தலையைச் சொறிந்தான். "மொதலாளி, எனக்கும் இது புதுசு. பெங்களூர் மெக்கானிக்குக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டுக்கிருவமா?"

"கேட்டா? தங்கதுரைக்கே தெரியாதாம்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சிருவானுங்க. நீ பிசினைக் கலக்குய்யா."

வளைவு மேலே இருக்கும்படி றெக்கை ஏறியது. பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது.

திம்மப்பன் அந்தக் காரை ஓட்டிய பந்தயத்தன்று தங்கதுரை வேலியோரம் நின்று, முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "அதோ போவுது பாருங்க, நம்ம ஷெட்டு றெக்கை" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தான். நேர்ப்பாதையில் கார் பறந்தது. திருப்பத்தில் அதன் பின்பக்கம் பாரமே இல்லாததுபோல் லேசாகி, விலகி, சுழன்றது. பிறகு உருண்டது.

சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருவர் றெக்கைத் துண்டைத் திருப்பிப் பார்த்தார். "யாருங்க இதைத் தலைகீழா மாட்டுனது? பறவையைத்தான் றெக்கை தூக்கணும். காரை அது தரையோட அமுக்கணும். வளைவு கீழ வந்தாத்தான் அமுக்கும். இது பின்டயரைத் தூக்கி விட்டிருக்கு."

தங்கதுரை அந்தத் துண்டை வாங்கிச் சாக்குக்குள் போட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் திம்மப்பன் கண் விழித்துக் கிடந்தான். தங்கதுரை கட்டிலோரம் உட்கார்ந்து, போர்வைக்கடியில் அவனுடைய வலது கையைத் தேடிப் பிடித்தான். அப்பாவோடு மண்டியில் நின்று துண்டுக்கடியில் எத்தனையோ விரல்களைப் பிடித்தவன் அவன். இந்த விரல்கள் பதிலுக்குப் பிடிக்கவில்லை.

"இனிமே ஸ்டியரிங்கை மறந்துருன்னுட்டாரு டாக்டரு" என்றான் திம்மப்பன். தலையைத் திருப்பிக் கேட்டான்: "தங்கண்ணா, நான்தான் அவசரப்பட்டுத் திருப்பிட்டனா? இல்ல, றெக்கையில ஏதாச்சும் தப்பா?"

தங்கதுரை சன்னலைப் பார்த்தான். சாக்கு இன்னும் வண்டியில்தான் கிடந்தது.

"தெரியாதுப்பா" என்றான்.

ஷெட்டில் கேட்டபோது சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும்.

திம்மப்பன் தலையை மெல்ல ஆட்டினான். "உங்களுக்கே தெரியலைன்னா, அப்ப என் தப்புதாண்ணா."