மேலே வந்த பயந்தாங்கொள்ளிகள்

கடலோர நகரமான ஹாலிஃபாக்ஸில் ஓர் ஆய்வகத்தின் அடித்தளத்தில், ஓடெட் கோமோ நான்கு வருடமாகப் பயந்த மீன்களை வளர்த்துவந்தாள். விரல் நீளம்கூட இல்லாத சீப்ரா மீன்கள். மிரளும் ஜோடிகளையே சேர்த்துச் சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்ததில், பிறவியிலேயே பயந்த ஒரு பரம்பரை உண்டாகியிருந்தது. புதுத் தொட்டியில் விட்டால், சோதனை நடக்கும் ஆறு நிமிடமும் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பக்கத்து வரிசையில் துணிச்சல்காரப் பரம்பரை. விட்ட கையோடு மேலே வந்து ஊர்சுற்றும்.

பத்து வாரத்துக்கு முன் இரண்டு பரம்பரையிலும் பாதிக்குத் தீனியை மாற்றினாள். வழக்கமான தூள் தீனிக்குப் பதில் உயிருள்ள இறால் குஞ்சு, கொஞ்சம் பாசி எண்ணெய். தீனி போடும் வெண்டெலுக்கு நம்பிக்கையே இல்லை.

"பொறவிக் குணம் சாப்பாட்டுல மாறுமா? எங்கப்பா ஆயுசு பூரா சிங்கி இறால்தான் தின்னாரு. பல் டாக்டரப் பாத்தா இன்னமும் ஓடுறாரு."

"உங்கப்பாவ நான் தொட்டியில விட்டுப் பாக்கல."

சோதனை வியாழக்கிழமை தொடங்கியது. புதுத் தீனி தின்ற முதல் பயந்த மீன் அடிக்குப் போனது. நாற்பது நொடி கிடந்தது. பிறகு தயங்கித் தயங்கி மேலேறி, நீர்மட்டத்தில் ஒரு சுற்று வந்தது. அடுத்ததும் அப்படியே.

ஓடெட் சந்தேகத்தோடு திரும்பினாள். "வெண்டெல், உண்மையச் சொல்லு. தொட்டிய மாத்தி வச்சிட்டியா?"

"நல்லா இருக்கே! கெட்டுப்போனா என் கை, நல்லா வந்தா உன் மூளையா? புள்ளியப் பாரு தாயே!"

பயந்த பரம்பரைக்கு மட்டும் தோலுக்கடியில் ஆரஞ்சுப் புள்ளி வைத்திருந்தாள். நீல விளக்கைப் பிடித்தாள். புள்ளி பளிச்சென்று மின்னியது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மன்னிச்சிரு."

"ஒரு பிளேட் கேக்குக்கு மன்னிக்கிறேன்."

ஆனாலும் அவளுக்குத் தன் கண்மீதே நம்பிக்கை வரவில்லை. எது எந்தத் தீனி என்று தனக்கே தெரியாதபடி வெண்டெலைப் பெயர்ச்சீட்டுகளை மறைக்கச் சொல்லி, எல்லா மீன்களையும் மறுபடி சோதித்தாள். சனிக்கிழமை மதியம் சீட்டுகளைப் பிரித்தார்கள். புதுத் தீனி தின்ற பயந்த மீன்கள் இருபதில் பதினாறு மேலே வந்திருந்தன. நாலு மட்டும் அசையவில்லை. தூள் தின்ற பயந்த மீன்கள் இருபதில் இரண்டே இரண்டுதான் ஏறியிருந்தன. துணிச்சல்காரர்களுக்கு எந்தத் தீனியும் ஒன்றுதான்.

"அந்த நாலும் எங்கப்பா ஜாதி," என்றான் வெண்டெல்.

ஓடெட்டுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் சுற்றியிருக்கும் அத்தனை மீனும் மிரண்டுவிடும். வாயைப் பொத்திக்கொண்டு, ரப்பர் பூட்ஸோடு ஈரத் தரையில் சத்தமில்லாமல் ஆடினாள். வெண்டெலும் வாளியை இறக்கிவிட்டுச் சேர்ந்துகொண்டான். மூச்சு வாங்கியதும் கதவை மெல்லச் சாத்திவிட்டு, இருவரும் படிகளில் தாவியேறி வெளியே ஓடினார்கள். பனிமூட்டம் கலையாத வாகன நிறுத்தத்தில் நின்று ஓடெட் தொண்டை கிழியக் கத்தினாள். கூரைமேல் இருந்த கடற்புறாக்கள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.