எண்பதைத் தாண்டினால்

அந்த பைக்கைப் பார்த்தாலே மெக்கானிக்குக்கு இப்போதெல்லாம் அலுப்புத் தட்டியது. இரண்டு மாதத்தில் மூன்று முறை அதன் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டார். முதலில் டயரை மாற்றினார். அடுத்து சக்கரத்தின் பேரிங். மூன்றாம் முறை, ஹேண்டில் திரும்புகிற இடத்தில் இருக்கும் கோன் செட்டையே புதிதாகப் போட்டார். ஒவ்வொரு முறையும் நெடுஞ்சாலையில் நூறு வரை விரட்டிப் பார்த்தார். வண்டி தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி ஓடியது.

ஆனால் வண்டிக்காரி கேட்கவில்லை. வண்டிக்காரி வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தங்கை. மாட்டு டாக்டர். பண்ணை பண்ணையாகச் சுற்றுகிற வேலை. "எண்பதத் தாண்டினா முன்சக்கரம் பேயாட்டம் ஆடுது மாமா" என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் முறை வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று அவருக்கு நாக்கில் சனி. அவள் கணவன், அதாவது இவருடைய சகலை, போனில் விசாரித்தபோது, "வண்டியில ஒண்ணுமில்ல சகலை. ஆட்டமெல்லாம் அவ மனசுலதான்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தும் வைத்தார். சகலை சிரிக்கவில்லை. ஏற்கனவே மனைவி வீடு திரும்பும்வரை வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிற ஆள். "அப்படின்னா பயம் வந்துடுச்சு. பயத்தோட ரோட்டுல போகக்கூடாது" என்று முடிவுகட்டி, ஆபீஸ் நாற்காலிக்கு மாற்றல் கேட்கும் படிவத்தைக் கையோடு வாங்கி வந்துவிட்டான். திங்கட்கிழமை அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் அவள் அப்புறம் மாட்டைக் காகிதத்தில்தான் பார்க்கலாம்.

இன்று சனிக்கிழமை. காலையிலேயே வந்து வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினாள். முகத்தில் தூக்கமில்லை.

"வா டாக்டரம்மா. மறுபடியுமா?"

"கடைசி தடவ மாமா. இன்னிக்கும் ஒண்ணுமில்லன்னா, கையெழுத்து போட்டுக் குடுத்துடறேன்."

அவர், வண்டியின் பின்னால் இருந்த மருந்துப் பெட்டியின் கொக்கியை வழக்கம்போல விடுவிக்கப் போனார்.

"அத ஏன் எடுக்கறீங்க?"

அவர் சுவரைக் காட்டினார். 'பெட்டி, பை, ஹெல்மெட் இறக்கிய பிறகே வேலை' என்று சிவப்புப் பெயின்டில் அவர் கையாலேயே எழுதிய பலகை. முன்பு ஒரு வாடிக்கையாளர், பெட்டியில் இருந்த மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று அரை நாள் ரகளை செய்தார்; கடைசியில் அது அவர் நெற்றிக்கு மேலேயே இருந்தது. அன்று பிறந்த சட்டம். சொந்தம், பந்தம் யாருக்கும் விலக்கில்லை.

"அப்ப மூணு தடவையும் பெட்டிய எறக்கிட்டுத்தான் ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஆமா."

"மாமா, மாடு நொண்டுதுன்னு சொன்னா நான் அத நடக்க விட்டுப் பாப்பேன். படுக்க வச்சு கால தடவிட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லமாட்டேன். நான் எப்படி ஓட்டறேனோ அப்படியே ஓட்டிப் பாருங்க. பெட்டியோட."

மெக்கானிக்குக்கு ரோஷம் வந்தது. கொக்கியை மாட்டிவிட்டுக் கிளம்பினார்.

எழுபதில் சமர்த்தாக இருந்தது. எண்பதில் உள்ளங்கையில் லேசாகக் குறுகுறுத்தது. எண்பத்து நாலில் ஹேண்டில் இடம் வலம் என்று படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. இப்படி நேரும்போது இறுக்கிப் பிடிக்காதே, சட்டென்று பிரேக் போடாதே, ஆக்சிலேட்டரை மெதுவாக விடு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர் அவர். உபதேசம் ஞாபகம் வந்தது. கைக்கு மட்டும் வரவில்லை. உயிரைப் பிடிப்பதுபோல ஹேண்டிலைப் பிடித்தார். ஆட்டம் இன்னும் கூடியது. அப்புறம்தான் விரல்களைத் தளர்த்தி வேகத்தை இறங்க விட்டார். அறுபதில் வண்டி ஒன்றுமே நடக்காததுபோல நேராக ஓடியது. சாலையோரம் நிறுத்தி இறங்கினார்.

அங்கிருந்த பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற ஆளிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். தொண்ணூறு, நூறு, ஆடவில்லை. திரும்பி வந்து பெட்டியை மாட்டி ஓட்டினார். எண்பதைத் தாண்டியதும் குறுகுறுப்பு. அதற்கு மேல் சோதிக்க வீரம் போதவில்லை.

இறங்கி, முதல் முறையாக வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். மருந்து பாட்டில் நிறைந்த பெட்டி, இருபது கிலோவுக்குக் குறையாது. பின்சக்கரத்தின் அச்சையும் தாண்டி, ஒரு சாண் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அவ்வளவு பாரம் இழுத்தால் முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காது. வேகத்தில் ஆடத்தான் செய்யும். பெட்டியைத் தாங்கும் கேரியர் கம்பியை அந்த ஒரு சாண் யார் நீட்டியது? பெட்டி முதுகில் இடிக்கிறது என்று மச்சினி சொன்னாளே என்று, ஆசை ஆசையாக வெல்டு வைத்துக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால்.

பட்டறைக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்: "ஆடுது."

"ஆடுதா!"

"நல்லா ஆடுது. நான் வச்ச கேரியர்தான் காரணம். முன்சக்கரத்து மேல ஒரு பாவமும் இல்ல, அத வீணா மூணு தடவ ஆபரேஷன் பண்ணிட்டேன்."

அவள் முறைத்தாள். பிறகு, "ரொம்ப பயந்துட்டீங்களா மாமா?" என்று கேட்டாள்.

"ஹெல்மெட்டுக்குள்ள யார் பாத்தா?"

நீட்டிய கம்பியை அறுத்தார். பெட்டியைச் சீட்டோடு ஒட்டி முன்னே கொண்டுவந்து, முதுகுக்கு ஒரு பஞ்சுத் திண்டு வைத்தார். கனமான பாட்டில்களைப் பிரித்து இருபுறமும் தாழ்வாகப் பை கட்டினார். முழுப் பாரத்தோடு தொண்ணூறு வரை போய்ப் பார்த்தார். குறுகுறுப்புகூட இல்லை.

"அவருக்குப் போன் போடுங்க" என்றாள் அவள்.

அதற்குப் பதில் இன்னொரு முறை எண்பத்து நாலில் ஓட்டச் சொல்லியிருந்தால்கூடச் சந்தோஷமாகப் போயிருப்பார். போட்டார்.

"சகலை, அன்னிக்கு மனசுல ஆட்டம்னு சொன்னேன்ல. அது தப்பு. வண்டிதான் ஆடுச்சு. நான் பண்ணின வேலையால ஆடுச்சு. இப்ப சரி பண்ணிட்டேன், நானே ஓட்டிப் பாத்துட்டேன்."

"அப்ப ரெண்டு மாசமா அவ சொன்னதெல்லாம் நெசமா?"

"அத்தனையும் நெசம்."

"போன அவகிட்ட குடுங்க."

அவள் போனை வாங்கிக்கொண்டு தெருப்பக்கம் போனாள். மெக்கானிக் கேட்காத மாதிரி, அறுத்த கம்பியின் முனையை அரம் போட்டுத் தேய்த்தார். தேய்க்க அதில் ஒன்றுமில்லை.

திரும்பி வந்து போனைக் கொடுத்தாள்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. மாற்றல் ஃபாரத்த எங்க வச்சிருக்கேன்னு கேட்டாரு. பீரோவுலன்னேன். கிழிச்சுப் போடட்டுமான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் வந்து கிழிச்சுக்கறேன்னு சொன்னேன்" என்றாள் அவள், கையுறையை மாட்டிக்கொண்டே. "மொதல்ல ரெண்டு பண்ணைக்குப் போகணும்."