முள் காட்டும் வீடு

ஊரிலுள்ள திசைகாட்டிகள் எல்லாம் வடக்கை விட்டுவிட்டு, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியரைக் காட்டத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு. முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் மலை வரைந்தவர். நேரில் எந்த மலையையும் தொந்தரவு செய்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு, காட்டில் வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிக்கும் பயிற்சி என்று நோட்டீஸ் அடித்தார். பேக்கரிக்காரர், பல் டாக்டர் என்று பதினொரு பேர் சேர்ந்தார்கள். கூட்டம் குறைவாகத் தெரியக்கூடாதென்று மனைவியையும் கூட்டிக்கொண்டார்.

ஏழு பாக்கெட் சட்டையும் விசிலுமாக வந்தவர், வகுப்பறைப் பழக்கத்தில் வரைபடத்தை இரும்புப் பலகையில் காந்தத் துண்டுகளால் ஒட்டி, அதன் மேலேயே திசைகாட்டியை வைத்தார். முள் காந்தத்தைக் காட்டியது. அதை வடக்கென்று அறிவித்தார். முக்கால் மணி நேரம் நடந்த பிறகு, பாலம் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் அளவு சேறு இருந்தது.

"சார், என்னோடது வேற பக்கம் காட்டுதே" என்றார் பேக்கரிக்காரர்.

"உங்களோடது புதுசு. இன்னும் பழகலை."

மனைவி தணிந்த குரலில், "ஏங்க, அந்தக் காந்தத்தை எடுத்துட்டுப் பாருங்களேன்" என்றாள். அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தவர், பதினொரு முகங்களைப் பார்த்ததும், "இவளுக்கு நம்ம வீட்டு சமையலறைக்கே வழி தெரியாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் குனிந்து செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டினாள். அப்போதுதான் முட்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. மரத்துக்குப் பின்னால் போய் நின்றார், அங்கேயும் வந்தன. நிழலைப் பார்த்து எல்லோரையும் சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான்.

கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்து அவரைக் கருவி வைத்து அளந்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். காட்டில் வழி தவறியவர்கள் முள்ளைப் பின்தொடர்ந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் பூமியின் காந்தக் கோளாறு என்று நாலு வருடம் விளக்கினார். மனைவி பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கு முகம் துடைக்கத் துண்டு நீட்டுவாள். ஐந்தாம் வருடம் ஒரு மழை மதியம், நனைந்து வந்த தம்பதி அதே கேள்வியைக் கேட்டபோது, அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அன்னைக்கு இவ சொன்னதுதான் சரி. தெரிஞ்சுக்கிட்டே எல்லாரையும் இவளைப் பார்த்து சிரிக்க வச்சேன்."

தம்பதி கையிலிருந்த முள் அவரை விட்டு அசையவில்லை. மனைவி வாசலுக்கு வந்து, "வடக்கு அந்தப் பக்கம்" என்று தம்பதிக்குக் கை காட்டினாள். பிறகு அவரிடம், "நீங்களும் பார்த்து வச்சுக்குங்க" என்றாள்.

இப்போது ஊர் வரைபடங்களில் அவர் வீடும் அச்சாகிறது. வெளியூர் போவதென்றால், எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று மூன்று நாள் முன்பே பேக்கரி வாசலில் எழுதிப் போட்டுவிடுகிறார்.