பன்னிரண்டாம் நம்பர் டப்பா

கழுத்தில் லைசென்சு அட்டை ஆட விஜயபாண்டி ஜீப்பிலிருந்து இறங்கியதும், எங்கள் கங்காணி ராக்கையா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடினார். நாலு மாதத்துக்கு முன்பு முதல் தடவை வந்தபோதும், அந்த மனுசன் எங்களுக்கு முகத்தைக் காட்டியதைவிட அட்டையைக் காட்டியதுதான் அதிகம்.

பாறையிலிருந்து ரேடான் என்று ஒரு வாயு கசியுமாம். நிறம் கிடையாது, வாடை கிடையாது, நுரையீரலில் புற்று வைக்குமாம். லைசென்சு உள்ளவன்தான் அதை அளக்கலாம். அளவு கூடினால் எஸ்டேட்டுக்காரர் குழாயும் மின்விசிறியும் மாட்டி அதை வெளியேற்றியே ஆகவேண்டும், அதுவும் லைசென்சு உள்ளவனை வைத்துத்தான். எங்கள் லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு கூலிக்காரர் வீடு, கடைசி வீடு என்னுடையது. அதற்குப் பின்சுவரே இல்லை. மலைப்பாறை இருக்கும்போது சுவர் எதற்கென்று விட்டுவிட்டார்கள், புண்ணியவான்கள். பாறையில் ஒரு விரிசல் உண்டு. எனக்கு முன்பு அங்கே குடியிருந்த அழகுமலை அண்ணன் விரிசலோரம்தான் கட்டில் போட்டிருந்தார். பீடியைத் தொடாத ஆள், நுரையீரல் புற்றில் போனார். இப்போது அதே இடத்தில் என் மகள் சூர்யகலா படுக்கிறாள். ஏழு வயது. பாய் விரிக்க வேறு இடம் இல்லை.

அதனால் வாயுவை அளக்க விஜயபாண்டி வீட்டுக்கு ஒன்றாக மாட்டிய வெள்ளை டப்பாவைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டேன். அவன் டப்பாவை எப்படி வைக்க வேண்டும் என்று இங்கிலீஷில் அடித்த ஒரு தாளை ராக்கையா கையில் திணித்துவிட்டு போடிக்குப் போய்விட்டான். எஸ்டேட்டில் ஒரு வழக்கம்: காலையில் வாங்கிய கத்தி, கூடை, மருந்தடிக்கிற பம்பு எதுவானாலும் சாயங்காலம் பேர் கூப்பிடுகிற மஸ்டர் ஷெட்டில் ஒப்படைத்துவிட வேண்டும்.

"கத்தியோட டப்பாவையும் கொண்டாந்து வச்சிருங்கத்தா. காலைல எடுத்துட்டுப் போங்க. தொலஞ்சா எந்தலைதான் உருளும்" என்றார் ராக்கையா.

வைத்தோம். தொண்ணூறு நாளும் வைத்தோம். நாலு பக்கமும் திறந்த ஷெட்டில் டப்பாக்கள் விடியவிடியத் தொங்கின. பிறகு ராக்கையா ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டு, பன்னிரண்டையும் போடிக்கு அனுப்பிவைத்தார்.

இன்று அதே ஷெட்டில் எங்களை நிறுத்திவைத்து, எல்லா வீடும் பாதுகாப்பானது என்று விஜயபாண்டி வாசித்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு நிறுத்தினானா?

"மத்த எஸ்டேட்ல பாதி டப்பாவத் தொலைச்சுட்டாங்க. இங்க பன்னெண்டும் பத்திரமா இருந்துச்சு. ராத்திரி கதவச் சாத்துன பெறகுதான் இந்த வாயு வீட்டுக்குள்ள சேரும். அப்பக்கூட கம்மியாத்தான் காட்டியிருக்கு. பயப்படாமத் தூங்குங்க."

ராக்கையா வெட்கத்தில் நெளிந்தார். நான் விட்டத்தைக் கைகாட்டினேன்.

"சார், ராத்திரி டப்பா வீட்லயே இல்லயே. இந்தா, இங்கனதான தொங்குச்சு."

"ஏத்தா ஈஸ்வரி, வாய மூடு" என்றார் ராக்கையா.

விஜயபாண்டி நிமிர்ந்து விட்டத்தைப் பார்த்தான். வரிசையாகப் பன்னிரண்டு ஆணி. அவன் பார்த்ததை நான் பார்த்தேன். உடனே குனிந்து தாளைப் புரட்டினான்.

"வீட்லதான் இருந்துச்சுன்னு கங்காணி கையெழுத்துப் போட்டிருக்காரே."

"கையெழுத்தா சார் அங்க படுத்து மூச்சு விடுது? எம்புள்ளல்ல விடுது! இன்னொருக்க மாட்டுங்க."

"அத மொதலாளி எழுதிக் கேக்கணும். அளவு தப்புன்னு சொல்ல ஒங்ககிட்ட லைசென்சு இருக்காம்மா?"

த்தூ! இதுவும் ஒரு பிழைப்பு. ஆனால் அவனைவிட என்மேல்தான் காறித் துப்பத் தோன்றியது. பிள்ளைக்குக் காவலாக வந்த சாமானைச் சாயங்காலம் தவறாமல் என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேனே, மடச்சி!

பாதுகாப்பானது என்ற சர்டிபிகேட்டை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் மாட்டியே ஆகவேண்டுமாம், அதுவும் விதியாம். என் வீட்டுப் பக்கச்சுவரில் ராக்கையா ஆணி அடித்தார், காரை பொலபொலவென்று உதிர்ந்தது. பாறையில் எங்கே இறங்கும்? கடைசியில் விரிசலில்தான் இறங்கியது. முத்திரை நேராகத் தெரிகிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். ஜீப்பு சத்தம் கொண்டை ஊசி வளைவுவரை கேட்டது.

பொழுது சாயும்போது மழை பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தி, சன்னலில் சாக்கை அடைத்துவிட்டுச் சோறு போட்டேன். சூர்யகலா தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்தாள்.

"எம்மா, அந்தப் பேப்பரு ஏன் ஆடுது?"

திரும்பிப் பார்த்தேன். விரிசலை மறைத்திருந்த காகிதம் பாறையைவிட்டு மெல்ல எழும்பியது, ஒட்டியது, மறுபடி எழும்பியது.

பாயோடு அவளை வாசற்படிவரை இழுத்துவந்தேன். கதவை அகலத் திறந்து, ஆட்டுக்கல் குழவியை அண்டை கொடுத்தேன். சாரல் உள்ளே அடித்தது. சூர்யகலா நனைந்த காலை இழுத்து என் சேலைக்குள் சொருகிக்கொண்டாள்.