எடை காட்டாத குழந்தை

வீட்டில் எத்தனை பேர் என்று ஆசிரியை கேட்டதற்கு, மூன்று பேர் என்று மகள் சொல்லியிருந்தாள். படம் வரையச் சொன்னபோது அப்பா, அம்மா, தான், ஒரு லாரி என்று வரைந்திருந்தாள். லாரிக்குப் பத்துச் சக்கரமும் சரியாக இருந்தது. குழந்தையைக் காணோம்.

அவளுடைய அப்பா படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தார். லாரிகளை எடை போடும் எடை மேடையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறவர். மகளுக்கு நாலரை வயது. மகன் பிறந்து முப்பத்திரண்டு நாள்.

"தம்பி எங்கம்மா?"

"எந்தத் தம்பி?"

"உள்ள தூங்குறானே."

"ஓ, அதுவா." லாரியின் கதவுக்கு நீலம் தீட்டிக்கொண்டே சொன்னாள். "அத இன்னும் எடை போடலியேப்பா."

"ஆஸ்பத்திரியில போட்டாங்களே."

"நீ போடல."

இது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். பள்ளி அரை நாள் இருக்கும் சனிக்கிழமைகளில் அவருடன் கண்ணாடி அறையில் வந்து உட்கார்ந்திருப்பாள். டிரைவர்கள் அவளை சூப்பர்வைசர் என்று கூப்பிடுவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை, கீழே கிடக்கிற மூன்று மூட்டையையும் சேர்த்து எழுதச் சொல்லி ஒரு டிரைவர் மல்லுக்கு நின்றான். "மேடையில ஏறாத எதையும் நான் கணக்குல சேர்க்க மாட்டேன்" என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு மறந்துவிட்டார். முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் மறக்கவில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று, லாரியை அவர் சுற்றிப் பார்ப்பதுபோலக் கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "பல்லு இல்ல. முடி இல்ல. ஹாரன் மட்டும் நல்லா இருக்கு" என்றாள். பால் கொடுக்கும்போது, "லோடு ஏத்துறாங்க." துணி நனைந்தால், "போற வழியிலயே இறக்கிடுச்சு." ஒரு மாதமாக அவர் இதையெல்லாம் வருகிற டிரைவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. இந்த ஒரு மாதத்தில் அவள் குழந்தையை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை. அவளுக்குத் தெருப் பூனையும் 'அது'தான், தம்பியும் 'அது'தான்.

"தானா சரியாயிடும். விடுங்க" என்றாள் மனைவி.

"நான் சொன்ன வார்த்தைடி. அதத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா."

"அதுக்கு?"

"நாளைக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. எடை போட்டுடலாம்."

"பெத்த பிள்ளைய லாரி மேடையில போட்டுப் பாக்கிற ஆள எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"நாளைக்குப் பாப்பே."

மறுநாள் மதியம் வந்தார்கள். வண்டிகள் குறைவாக இருந்த நேரம். மேடைக்கு வெளியே ஒரு கல் லாரி மட்டும் நின்றது. மேடை வெயிலில் சூடாகிவிடும் என்று அவர் சற்று முன்பே அதன் நடுவில் இரண்டு சாக்கை நனைத்துப் போட்டு, திரையைச் சைபருக்குக் கொண்டுவந்திருந்தார்.

அந்த இயந்திரம் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஐந்துக்குக் கீழே எது ஏறினாலும் அதற்கு ஒன்றுமில்லை. அது அவருக்குத் தெரியாமல் இல்லை. குழந்தை மேடையில் ஏறினால் போதும், எண்ணை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார்.

அவள் பார்த்தாள். முக்காலியை இழுத்துப்போட்டு, திரைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அ, ஆ படிக்கும் முன்பே எண்களை இந்தத் திரையில் படித்தவள்.

மனைவி கூடையோடு குழந்தையைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு இறங்கி நின்றாள்.

"சைபர்" என்றாள் மகள்.

அவர் எழுந்து கண்ணாடி வழியே கூடையைப் பார்த்தார்.

"கூடை இருக்கு. அது உள்ள இருக்கு. ஆனா சைபர்." அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கேலி இல்லை, வருத்தம்போலத்தான் இருந்தது. "அப்பா, அது இல்லவே இல்லப்பா."

கல் லாரி டிரைவர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். "என்னண்ணே யோசனை? ஒரு நம்பரத் தட்டி விடுங்க. பிள்ளைக்குத்தானே, யாரு கேக்கப் போறா?"

கையால் எடையைத் தட்டிவிட ஒரு வழி உண்டு. இயந்திரம் பழுதானால் மட்டும் என்று மேலிடத்தில் சொல்லிக் கொடுத்தது. பதினொரு வருடத்தில் அதை அவர் தொட்டதில்லை. எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள், அதட்டியும் இருக்கிறார்கள். விரல் விசைப்பலகை வரை போனது. மகள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் திரும்பி வந்தது.

"சைபர்தாம்மா. இது லாரிக்குன்னு செஞ்ச மெஷின். சின்ன ஆளுங்கள அதுக்குத் தெரியாது."

"அப்ப நான்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடினாள். கூடையில் குழந்தை அழத் தொடங்கியிருந்தது. மனைவி கூடையோடு தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். இவள் மேடையின் நடுவில் போய் நின்று, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

அவர் மைக்கில் சொன்னார். "பத்து."

"பத்து" என்று அவள் கல் லாரிக்கு அறிவித்தாள். பிறகு அழுகை வந்த பக்கம் திரும்பினாள். "அது ஏம்மா அழுவுது?"

"நீ பத்து. அவன் சைபர். அழ மாட்டானா?" என்றாள் மனைவி.

மகள் யோசித்தாள். ஈரச் சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாவாடையை முழங்கால்வரை இழுத்துச் சரிசெய்தாள்.

"இங்க குடு."

மனைவி கண்ணாடி வழியே அவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். மனைவி குழந்தையை மகளின் மடியில் வைத்து, தலைக்குக் கீழே அவள் கையைக் கொடுத்து, இன்னொரு கையை மேலே வைத்து, பின்பக்கமாகவே நடந்து மேடையை விட்டு இறங்கினாள்.

சிவப்பு எண்கள் அலைந்தன. பத்து. இருபது. பத்து. பிறகு நின்றன.

அவள் பதினான்கு கிலோ. அவன் மூன்று கிலோ இருநூறு. சேர்த்தால் பதினேழுக்கு மேல். பதினேழை இயந்திரம் இருபது என்றுதான் சொல்லும். அது அவருக்குப் புதிதல்ல. ஆனாலும் திரையை இரண்டாம் முறை பார்த்தார். மைக்கை எடுத்தார்.

"இருபது."

குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது.

"நான் பத்து" என்றாள் அவள் மெல்ல. "அப்ப இவன் பத்து." குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, இவன் எனக்குச் சரிசமமா இருக்கான்மா. தனியா வச்சா வெக்கப்படுறான். என் மேல வச்சாத்தான் காட்டுறான்."

மூன்று கிலோ இருநூறு என்று அவர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். அவர் எதையும் தட்டவில்லை. இயந்திரம் காட்டியது அதுதான்.

கல் லாரி டிரைவர் மேடையின் ஓரம்வரை வந்து நின்றான். "சூப்பர்வைசரம்மா, என்ன லோடு?"

"தம்பி" என்றாள். அதுகூடத் தெரியாதா என்பதுபோல. பிறகு கண்ணாடி அறையைப் பார்த்துச் சத்தமாக, "அப்பா, சீக்கிரம் சீட்டுப் போடு. கை வலிக்குது" என்றாள்.

அவர் பொத்தானை அழுத்தினார். சீட்டு வந்தது. தேதி, நேரம், இருபது கிலோ. அடியில் கையெழுத்துப் போட்டார். வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே போட்டார்.